பத்து நிமிஷம் ஊறணும்

உக்காருங்கம்மா. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் குட்டை. இப்படி பெஞ்சுல உக்காருங்க. டோக்கன் எத்தனை? ஒம்பதா? அப்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். என்னுது ஏழு. உள்ள மெக்கானிக் ஏகாம்பரம் கழட்டிப் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கான்.

உங்களுக்கு என்ன, ஜார் ஒழுகுதா? வாஷர் போயிருக்கும், சின்ன விஷயம். என்னுதுதான் பெரிய விஷயம். என் மிக்ஸி ஓடுது. ஒழுகல, சத்தம் வரல, கருகின வாடை இல்ல. ருசி மட்டும் போயிடுச்சு.

சிரிக்காதீங்கம்மா. நான் விளையாட்டுக்குப் பேசுற ஆள் இல்ல. பேரு தெய்வசிகாமணி. எடைக்கல்லு, தராசு, லிட்டர் அளவு, இதுக்கெல்லாம் முத்திரை போடுற ஆபீஸ்ல ஆய்வாளரா இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பத்து மூணு வருஷ சர்வீஸ். நான் கடைக்குள்ள நுழைஞ்சா தராசு முள்ளு தானா நேரா நிக்கும்னு சொல்லுவாங்க. கரூர்ல என் மச்சினன் மளிகைக் கடை வச்சிருக்கான். சொந்த மச்சினன், என் வீட்டம்மாவோட கூடப்பிறந்த தம்பி. அவன் கடை அரைக்கிலோ கல்லு தேஞ்சு போயி மூணு கிராம் கம்மி. கேஸ் எழுதினேன். அன்னைக்கு வீட்ல அழுதா. "தம்பிங்க, ஒரு தடவை வாயால சொல்லிட்டு விட்டுடக் கூடாதா"ன்னா. சட்டத்துல தம்பிக்குன்னு தனிக் கல்லு இருக்கான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவ அதைப் பத்திப் பேசினதே இல்ல. புரிஞ்சுக்கிட்டா.

இதை ஏன் சொல்றேன்னா, என் அளவுல தப்பு வராதும்மா. அதுக்காகச் சொல்றேன்.

ரிட்டையர் ஆன மாசம் டாக்டர் சொல்லிட்டார், சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது, உள்ள விடாதீங்கன்னு. எங்க காலனி பார்க்ல காலையில நடக்கிறவங்க சேர்ந்து ஒரு சங்கம் வச்சிருக்கோம். செக்ரட்டரி அல்போன்ஸ் சார், ரயில்வேல இருந்தவர். அவர்தான், காபியை விடுங்க, கீரையும் பழமும் போட்டு ஸ்மூத்தி அடிச்சுக் குடிங்க, இப்ப எல்லாரும் அதான் குடிக்கிறாங்கன்னார். சரின்னு இறங்கிட்டேன். நான் எதுலயும் அரைகுறையா இறங்க மாட்டேன். கிராம் தராசு ஒண்ணு வாங்கினேன். ஒரு நோட்டுப் போட்டேன்.

வேணும்னா எழுதிக்கங்க. ஒரு ஜாருக்குப் பாலக்கீரை நூத்தியிருபது கிராம், காம்போட. காம்புலதான் நார்ச்சத்து. முருங்கைக்கீரை பன்னெண்டு கிராம். கொய்யா நூத்தம்பது, விதையோட. வாழைப்பழம் உரிச்ச எடை நூறு. வெள்ளரி நூறு. தண்ணி நானூறு மில்லி. சர்க்கரை கிடையாது, தேன் கிடையாது, எலுமிச்சை கிடையாது, உப்பு கிடையாது. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூணு நிமிஷம் ஓட விடணும். அவ்வளவுதான்.

முதல் நாள் குடிச்சேன். உள்ளதை உள்ளபடி சொல்றேன், மாட்டுக்கு வச்ச தண்ணி மாதிரி இருந்துச்சு. வீட்டம்மா பேரு மங்கையர்க்கரசி, நான் மங்கைன்னு கூப்பிடுவேன். அவளும் ஒரு வாய் குடிச்சுட்டு, ஜாரைக் கையில வாங்கி உள்ள எட்டிப் பாத்தா. "காம்பைக் கிள்ளிட்டு, கீரையை மட்டும் முதல்ல நைசா அரைச்சுட்டு, அப்புறம் பழத்தைப் போட்டா என்னங்க"ன்னா. "துளி இஞ்சி வச்சு, எலுமிச்சை பிழிஞ்சா பச்சை வாடை போயிடும்"ன்னா. நான் சொன்னேன், மங்கை, சமையல் வேற, இது வேற, இதுல நீ கை வைக்காதன்னு. அவ ஜாரை வச்சுட்டுப் போயிட்டா.

ஒரு வாரம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடிச்சேன். அப்புறம்தான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சேன். ஒரு நாள் அரைச்சு வச்சுட்டுக் குடிக்க மறந்து குளிக்கப் போயிட்டேன். பத்து நிமிஷம். வந்து குடிச்சா, என்னத்தைச் சொல்ல, அமிர்தம். நார் இல்ல, விதை இல்ல, வாடை இல்ல, தொண்டையில வழுக்கிக்கிட்டு இறங்குது. மேல லேசா ஒரு புளிப்பு, அடியில ஒரு இனிப்பு, குடிச்சு முடிச்சப்புறம் தொண்டையில சின்னதா ஒரு காரம். அதே கீரை, அதே கொய்யா, அதே அளவு. வித்தியாசம் என்ன? பத்து நிமிஷம். அப்பதான் எனக்கு விளங்குச்சு, இது ஊறணும். ஊறினா கீரையும் பழமும் ஒண்ணோட ஒண்ணு சமாதானமாப் போயிடும். நோட்டுல சிவப்பு மையில எழுதினேன், பத்து நிமிஷம் ஊறணும்னு.

சும்மா எழுதல, சோதிச்சும் பாத்தேன். ஒரு நாள் குளிக்கப் போகாம அடுப்படியிலயே நின்னு, கடிகாரத்தைப் பாத்து, பத்து நிமிஷம் கழிச்சுக் குடிச்சேன். நல்லா இல்ல. மறுநாள் குளிச்சுட்டு வந்து குடிச்சேன், பிரமாதம். அதனால பக்கத்துல ஆள் நின்னா ஊறாது, மனுஷச் சூடு படக் கூடாதுன்னு அதையும் எழுதிக்கிட்டேன்.

என்னம்மா இருமுறீங்க, தண்ணி வேணுமா? அந்தக் கேன்ல இருக்கு, பிடிச்சுக்கங்க.

அதுலருந்து தினம் ஃபிளாஸ்க்ல ஊத்தி பார்க்குக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். சின்னக் கப்புல ஆளுக்கு ரெண்டு வாய். பத்துப் பேரு கியூவுல நிப்பாங்க. எங்க கீழ் வீட்டுச் சம்சாத் அம்மா, அவங்க வீட்ல கீரைன்னா யாரும் தொட மாட்டாங்க, அவங்களே ரெண்டாவது கப்பு கேப்பாங்க. எப்படி சார் இந்த ருசின்னு கேக்காத ஆள் இல்ல. அளவுதான்னு சொல்லுவேன். அளவும் பத்து நிமிஷமும்.

அந்தச் சம்சாத் அம்மாதான் ஒரு நாள் கேட்டாங்க, "சார், காலையில உங்க வீட்ல மிக்ஸி ரெண்டு தடவை ஓடுதே"ன்னு. சட்னியா இருக்கும்னேன். எங்க வீட்ல காலையில பெரும்பாலும் இட்லிப்பொடிதான். ஆனாலும் பொம்பளைங்களுக்கு அரைக்கிறதுக்கு ஆயிரம் இருக்கும். நான் அதையெல்லாம் தோண்டித் துருவ மாட்டேன்.

ஆனா எலுமிச்சம்பழம் விஷயம் மட்டும் என்னை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. வாரத்துக்கு ஏழு வாங்கினா ஏழும் காலி. என் அளவுல எலுமிச்சையே கிடையாது. பேரீச்சம்பழமும் அப்படித்தான், டப்பா டப்பாவாக் காலி ஆச்சு. எலின்னு நினைச்சு ரெண்டு பொறி வச்சேன். ஒரு எலி கூட விழல. மங்கைகிட்டக் கேட்டேன். "எலிக்கு விவரம் இருந்தா விழாதுங்க"ன்னா. அவளுக்கு இந்த மாதிரி எதையாவது சொல்லிட்டுப் போற பழக்கம் உண்டு.

ஒன்றரை வருஷம் இப்படி ஓடுச்சு. சர்க்கரையும் வாசலை விட்டுப் போயிடுச்சு. அப்பதான் சங்கத்துக்கு ஆண்டு விழா வந்துச்சு. போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காலையில. அல்போன்ஸ் சார் வந்து, "சார், மேடையில எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டுங்க, எண்பது பேர் வர்றாங்க"ன்னார். எனக்கு மாலை எல்லாம் வேண்டாம்னு சொன்னேன். போடத்தான் போட்டாங்க.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் மங்கை ஒரு பச்சைப் புடவையை எடுத்து அயர்ன் பண்ணிக்கிட்டு இருந்தா. "நானும் மேடையில பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்கிறேனே"ன்னா. எதுக்குடி, எல்லாம் நான் எடை போட்டுத் தனித்தனி டப்பாவுல வச்சுட்டேன், நீ முன்வரிசையில உக்காந்து நிம்மதியாப் பாருன்னேன். அவ சிரமப்படக் கூடாதுன்னுதானே சொன்னேன்? கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "அப்ப ரெண்டு எலுமிச்சம்பழமாவது எடுத்துட்டுப் போங்க"ன்னா. அளவுல இல்லன்னேன். "கீரைக் காம்பையாவது கிள்ளித் தர்றேன்"ன்னா. மங்கை, எண்பது பேருக்கு முன்னாடி என்னை அளவு மாறச் சொல்றியான்னு கேட்டேன். விட்டுட்டா.

மேடையில நல்லாத்தான் போச்சு. ஒவ்வொண்ணா எடை போட்டுக் காட்டினேன். கைதட்டினாங்க. மிக்ஸியைப் போடப் போறப்ப சம்சாத் அம்மா எழுந்து, "சார், இதுல அக்காவோட கைப்பக்குவமும் இருக்கும்ல, அவங்களையும் மேல கூப்பிடுங்க"ன்னாங்க. நான் மைக்கைப் பிடிச்சு உள்ளதைச் சொன்னேன். இதுல அவங்க பங்கு ஒண்ணும் கிடையாது, ஜார் கழுவுறதோட சரின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மங்கையும் சிரிச்சா. ரொம்ப நேரம் அந்தச் சிரிப்பு முகத்துலயே இருந்துச்சு. தலைப்பை இழுத்துப் போத்திக்கிட்டா. பார்க்ல காலையில கொஞ்சம் காத்துதான்.

அரைச்சேன். ஜார் மேல வெள்ளைத் துணியைப் போட்டு மூடினேன். எல்லாரையும் பத்தடி தள்ளிப் போகச் சொன்னேன், சூடு படக் கூடாதே. மங்கையை மட்டும் தள்ளிப் போகச் சொல்லல, பாருங்க, மனைவிங்கிற மரியாதை. அந்தப் பத்து நிமிஷமும் எடைகளைப் பத்தி ஒரு சின்னப் பேச்சு பேசினேன். அப்புறம் கப்புல ஊத்தி வரிசையாக் குடுத்தாங்க.

அல்போன்ஸ் சார் முதல் வாயை வாயிலயே வச்சுக்கிட்டு நின்னார். முழுங்கவும் இல்ல, துப்பவும் இல்ல. அப்புறம் மெதுவா அரளிச் செடி பக்கம் நடந்து போனார். சம்சாத் அம்மா பல்லுல மாட்டின கொய்யா விதையை எடுத்துக்கிட்டே, "சார், இது வேற ஃபார்முலாவா"ன்னு கேட்டாங்க. பின்னால யாரோ ஒருத்தர், எங்க ஊர்ல இதை மாட்டுக்கு வப்போம்னார். அதுக்கும் சிரிச்சாங்க. நானும் ஒரு கப்பு குடிச்சுப் பாத்தேன். முதல் நாள் குடிச்ச அதே மாட்டுத் தண்ணி. அளவுல ஒரு கிராம் மாறல, நிமிஷத்துல ஒரு நிமிஷம் மாறல. முன்வரிசையில பாத்தேன், மங்கை நாற்காலி காலி.

எல்லாத்தையும் எடுத்துக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வர மத்தியானம் ஆயிடுச்சு. சாதம் வடிச்சு, குழம்பு வச்சு, மூடி வச்சிருந்தா. சாவியைச் சம்சாத் அம்மாகிட்டக் குடுத்து, தம்பி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கரூர் பஸ்ஸைப் பிடிச்சிருக்கா. ரெண்டு நாள்ல வந்துடுவான்னு நினைச்சு சாப்பிட்டேன். மிக்ஸி ஜாரை சிங்க்ல போட்டேன். மறுநாள் காலையில பாத்தா அது சிங்க்லயே கிடக்கு. அப்பதாம்மா எனக்கு உறைச்சுது, அவ இல்லன்னு.

மூணாம் நாள் போன் பண்ணேன். மச்சினன்தான் எடுத்தான். "நல்லாருக்கீங்களா மாமா, அக்காகிட்டக் குடுக்கிறேன்"ன்னான். கேஸ் போட்டவன்னு ஒரு வார்த்தை இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல, மரியாதைக்காரன். மங்கை வந்தா. ஜார்ல என்னமோ கோளாறு, ருசி போயிடுச்சு, நீ எப்ப வர்றேன்னு கேட்டேன். அவ நிதானமாச் சொன்னா.

"நீங்க குளிக்கப் போற பத்து நிமிஷத்துலதாங்க அது ஸ்மூத்தி ஆச்சு. வடிகட்டி, நாரை எடுத்துட்டு, பேரீச்சம்பழம், இஞ்சி, துளி இந்துப்பு போட்டு மறுபடியும் அரைச்சு, எலுமிச்சை பிழிஞ்சு வைப்பேன். ஒன்றரை வருஷமா நான்தான் செஞ்சேன். நீங்க அரைச்சது பாதி. அதைக் கூட நான் வெளியில சொல்லல. பக்கத்துல நிக்கிறேன்னுதான் கேட்டேன்."

அப்படின்னா. சரி, அப்ப வான்னேன். "வர்றேன். எந்த மைக்ல எனக்குப் பங்கு இல்லன்னு சொன்னீங்களோ, அதே மைக்ல, அதே ஆளுங்க முன்னாடி இருக்குன்னு சொல்லுங்க. அடுத்த பஸ்ல வந்துடறேன். சொல்லாட்டி நான் இங்கயே இருந்துக்கிறேன். தம்பி கடைக்கு ஆள் வேணும்ங்கிறான்"ன்னா. வச்சுட்டா.

இப்ப நீங்களே சொல்லுங்கம்மா, அவ சொன்னா நான் உடனே ஒத்துக்கிட முடியுமா? நோட்டுல இருக்கு, என் கையெழுத்து. ஒன்றரை வருஷக் குறிப்பு. இஞ்சின்னு ஒரு இடத்துல இல்ல. அவ பொய் சொல்றான்னு நான் சொல்லல. அவ பொய் சொல்ல மாட்டா. ஏதோ ரெண்டொரு நாள் செஞ்சிருப்பா, அது மனசுல பெருசாயிருக்கும். ஆதாரம் இல்லாம முத்திரை போட்ட கை இல்லம்மா இது.

அதனால நானே பதினொரு நாளா தினம் அரைச்சுப் பாக்கிறேன். அதே அளவு. ஊற வைக்கிறேன், குளிக்கிறேன், வர்றேன், குடிக்கிறேன். மாட்டுத் தண்ணி. ஜாரும் நானே கழுவுறேன். அது லேசுப்பட்ட வேலை இல்லம்மா. பிளேடுக்கு அடியில நார் சுத்திக்கிட்டுப் பிடியை விடாது. இந்தா பாருங்க விரலை, மூணு இடத்துல வெட்டு. இத்தனை நாளா இந்த நாரை நான் கண்ணால பாத்ததே இல்ல. அப்பதான் எனக்குப் பிடி கிடைச்சுது. நார் அரைபடல, அப்ப பிளேடு மழுங்கிடுச்சு. விழா அன்னைக்குத்தான் மழுங்கியிருக்கணும். அதான் இங்க வந்தேன். ஏகாம்பரம் பிளேடு மழுங்கல்னு பில்லுல எழுதிக் குடுத்துட்டான்னா, அதைக் கரூருக்கு எடுத்துட்டுப் போயிக் காட்டுவேன். பாரு மங்கை, உன் மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல, தப்பு பிளேடு மேலன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துடுவேன். மைக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

பார்க்குக்கு இப்பவும் ஃபிளாஸ்க்கோடதான் போறேன். உள்ள ஒண்ணும் இருக்காது. கேட்டா, தீந்துடுச்சுன்னு சொல்லிடறேன். சம்சாத் அம்மா மட்டும் ஃபிளாஸ்க்கைப் பாக்க மாட்டாங்க, என்னைப் பாப்பாங்க. வீட்டுக்கு வந்தா யாருகிட்டயும் பேச ஆள் இல்ல. ரேடியோவைப் போட்டு வச்சுக்கிறேன். எனக்கு அவ இல்லாம இருக்க முடியலம்மா, அதை வெளியில சொல்ல வெக்கமா இருக்கு. அறுபது வயசுல இது என்ன பேச்சுன்னு நினைப்பீங்க. சரி விடுங்க. பிளேடு மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்.

தோ, வர்றான் பாருங்க. ஏகாம்பரம், பாத்துட்டியாப்பா? சும்மா சொல்லு, இந்தம்மா நம்ம ஆளுதான். பிளேடு மழுங்கல்தானே?

இல்லியா? நல்லாப் பாத்தியா? ஜார் வாங்கி ஏழு வருஷம் ஆச்சுப்பா, எப்படி மழுங்காம இருக்கும்?

புதுசா? யாரு மாத்தினது? நான் மாத்தவே இல்லியே. எந்த அம்மா?

தை மாசமா. தனியாவா வந்தா? பஸ்லயா வந்தா, இந்த ஜாரைத் தூக்கிக்கிட்டா?

என்ன சொன்னா, திரும்பச் சொல்லு. கீரை நார் நாக்குல தட்டுது, இருக்கிறதுலயே கூரானதாப் பாத்துப் போடுங்க, எங்க வீட்டுக்காரர் பத்துப் பேருக்குக் குடுக்கிறார், அவர் பேரு கெட்டுடக் கூடாதுன்னா சொன்னா? அவ வாயால அப்படிச் சொன்னாளா?

இல்லப்பா, ஒண்ணும் இல்ல. உக்காந்துதானே இருக்கேன், உக்காந்தே இருக்கேன். நீ ஒண்ணு பண்ணு, மோட்டரைக் கழட்டிப் பாரு. அது பாத்துட்டியா? கப்ளர்? இன்னொரு தடவை பாரேன். ஏதாவது ஒண்ணு இருக்கணும்ப்பா. ஒண்ணும் இல்லன்னு மட்டும் சொல்லிடாத. ஒண்ணும் இல்லன்னா நான் கரூருக்கு வெறுங்கையோடல்ல போகணும்.

கேட்டீங்களாம்மா. தை மாசம் வந்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

போகத்தான் போறேன். மைக் பிடிச்சுப் பேசுறது எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. அல்போன்ஸ் சார்கிட்டச் சொன்னா ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டுடுவார். இது மங்கை செஞ்சது, நான் அரைச்சுக் குடுத்ததோட சரின்னு சொல்லிடுவேன். ஆனா அந்தச் சம்சாத் அம்மா சும்மா இருக்க மாட்டாங்க. எழுந்து, சரி சார், அப்ப அக்கா பங்கு எவ்வளவுன்னு கேப்பாங்க. நான் எத்தனை கிராம்னும்மா சொல்லுவேன்?